அதிகாலை ஓட்டப் பயிற்சிக்கு முன் சாப்பிடலாமா, வெறும் வயிற்றோடு போகலாமா?

யானைமலை அடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு உடற்திறன் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். வயது 22, எடை 64 கிலோ, ஊர் ஒத்தக்கடை. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வாரத்தில் ஐந்து நாள் காலை 5.30 மணிக்குப் பயிற்சி தொடங்கும். ஏறத்தாழ 75 நிமிடம் நடக்கும். இப்போது 6 நிமிடம் 50 நொடியில் முடிக்கிறேன். தேர்வு நாளன்று கால் சற்றுப் பிசகினாலும் போய்விடும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கிறது என்பதால் கவலையாக உள்ளது.

என் சிக்கல் சாப்பாடு. விளக்குத்தூண் பக்கம் ஒரு துணிக்கடையில் மாலை வேலை பார்க்கிறேன். கடை அடைத்துப் பேருந்து பிடித்து வீடு வந்து சேர 10.30 ஆகிவிடுகிறது. பாதி நாள் வழியிலேயே இரண்டு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிடுகிறேன். மீதி நாள் அலுப்பில் ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். காலை 4.30 மணிக்கு எழுந்து கடுங்காப்பி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவது வழக்கம்.

கடந்த ஒரு மாதத்தில் மூன்று முறை உடம்பு என்னைக் கைவிட்டது. முதல் முறை வெறும் வயிற்றோடு 1500 மீட்டரை நேரம் குறித்து ஓடினேன். எல்லைக்கோட்டைத் தாண்டி முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து நின்றேன். கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, காதுக்குள் இரைச்சல் கேட்டது, நெற்றியில் வியர்வை சில்லென்று வழிந்தது, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இதைக் கேட்ட அம்மா பயந்துபோய், மறுவாரம் 4.45 மணிக்கே மூன்று இட்லி அவித்துச் சாம்பார் ஊற்றிக் கொடுத்தார். அன்று மூன்றாவது சுற்றில் விலாவில் குத்துவலி பிடித்து ஓட்டத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது முறை நண்பன் சொன்னபடி ஓடுவதற்கு 40 நிமிடம் முன்பாக நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். உடலைச் சூடேற்றும் மெது ஓட்டத்திலேயே கை நடுங்கியது, கால் இரும்பாகக் கனத்தது.

மைதானத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் இரண்டு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள் என்கிறார். இன்னொருவர் வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும் என்கிறார். சாப்பிட்டாலும் தொந்தரவு, சாப்பிடாவிட்டாலும் தொந்தரவு என்றால் நான் என்னதான் செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

தம்பி, வணக்கம். கல்லூரி நாட்களில் 1500 மீட்டரும் 5000 மீட்டரும் ஓடியவன் நான். இப்போதும் வாரம் நான்கு நாள் அதே மைதானத்தில்தான் ஓடுகிறேன்.

உங்களுக்கு நடந்த மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் நாள் கண்ணைக் கட்டியதற்கு வயிறு காரணம் என்று நீங்களும் அம்மாவும் முடிவு கட்டிவிட்டீர்கள். ஆனால் ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை, கோட்டைத் தாண்டிக் குனிந்து நின்ற பிறகுதான் இருட்டிக்கொண்டு வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேகமாக ஓடும்போது கால் தசைகளுக்கு ஏராளமான இரத்தம் பாய்கிறது. அந்தத் தசைகள் சுருங்கி விரியும்போதெல்லாம் இரத்தக் குழாய்களைப் பிழிந்து இரத்தத்தை இதயத்துக்கு மேலேற்றிக்கொண்டே இருக்கின்றன. சட்டென்று நின்றுவிட்டால் அந்தப் பிழிதல் நின்றுபோகிறது, இரத்தம் காலிலேயே தேங்குகிறது, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, கண் இருட்டுகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டவனுக்கும் இது வரும். கோட்டைத் தாண்டியதும் எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நிற்காமல் குறைந்தது 200 மீட்டர் நடங்கள். கையை இடுப்பில் வைத்துக்கொண்டாவது நடங்கள். புதிதாக வரும் பிள்ளைகள் கோட்டில் வந்து அப்படியே விழுவதை வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் கைத்தாங்கலாக எழுப்பி நடக்க வைக்கிறேன். ஆனால் ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ படபடப்பு நிற்காமல் இருந்தாலோ அது வேறு விஷயம். அப்படி ஒரு முறை நடந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் மறுபடி ஓடக் கூடாது.

இனி உணவுக்கு வருகிறேன். நம் உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் இரண்டு இடங்களில் சேமிக்கிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். இரவு நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டுமல்லவா, அதைக் கல்லீரல்தான் தன் இருப்பிலிருந்து கொடுக்கிறது. அதனால் விடியும்போது கல்லீரலின் இருப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். தசையின் இருப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். 7 நிமிட ஓட்டத்துக்குத் தசையில் இருப்பதே தாராளம். 1500 மீட்டர் ஒன்றை மட்டும் ஓடுவதாக இருந்தால், முந்தைய நாள் ஒழுங்காகச் சாப்பிட்டவர் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே ஓடலாம்.

கடைசியாகச் சொன்ன அந்த நிபந்தனையில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. பாலைக் குடித்துவிட்டுப் படுக்கும் நாட்களில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் காலை ஓட்டம் வரை பதினாறு மணி நேரம் உருப்படியாக எதுவும் உள்ளே போவதில்லை. முதல் நாள் காலை ஓடிச் செலவழித்ததைத் தசை திரும்ப நிரப்பிக்கொள்வதற்கு என்ன கொடுத்தீர்கள்? புரோட்டா சாப்பிடும் நாட்களிலோ எண்ணெய்யும் சால்னாவும் இரவு 10 மணிக்கு மேல் உள்ளே போய், நீங்கள் எழுந்திருக்கும்போதும் வயிற்றை மந்தமாகவே வைத்திருக்கின்றன. கடைக்கு ஒரு டிபன் பாக்ஸில் சோறும் குழம்பும் முட்டையோ பருப்போ எடுத்துப்போய், இரவு 7 மணி அளவில் பத்து நிமிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லியோ பாலும் பழமுமோ போதும். காலை உணவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் பதிலில் முக்கால் பங்கு இந்த இரவு 7 மணிச் சாப்பாடுதான்.

திருமங்கலத்துக்காரர் எழுதியது:

நான் ஐந்தாண்டுகளாக வெறும் வயிற்றில்தான் ஓடுகிறேன். நாகமலை அடிவாரச் சாலையில் தினமும் ஆறு கிலோமீட்டர். ஒரு டம்ளர் வெந்நீர் தவிர எதுவும் எடுத்துக்கொள்வதில்லை. 86 கிலோவாக இருந்தவன் 74-க்கு வந்துவிட்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது உடல் கொழுப்பைத்தான் எரிக்க வேண்டும் என்பது எளிய உண்மை. தம்பி பயப்படத் தேவையில்லை, இரண்டு வாரத்தில் உடல் பழகிவிடும்.

அடுப்பங்கரை ஊட்டம் எழுதியது:

நான் உணவியல் படித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். பழைய ஓட்டக்காரர் ஐயா இரவுச் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அதைச் சரிசெய்யாமல் காலையில் எதைத் தின்றாலும் பயன் குறைவு.

திருமங்கலத்து அண்ணன் சொன்னதில் ஒரு பாதி சரி. வெறும் வயிற்றில் மிதமாக ஓடும்போது அந்த ஒரு மணி நேரத்தில் எரியும் கொழுப்பின் பங்கு கூடுதல்தான். ஆனால் நாள் முழுவதற்குமாகக் கணக்கெடுத்தால் அது சமன்பட்டுவிடுகிறது. 2014-ஆம் ஆண்டு பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் இருபது இளம் பெண்களை இரு பிரிவாக்கி, வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் வீதம் நான்கு வாரங்கள் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு பிரிவு சாப்பிட்டுவிட்டுச் செய்தது, மற்றொன்று சாப்பிடாமல் செய்தது. இரு பிரிவினருக்கும் நாள் முழுவதற்குமான உணவு ஒரே விதமாகக் குறைத்து அளந்து கொடுக்கப்பட்டது. இரு பிரிவினருமே எடை குறைந்தார்கள். கொழுப்புக் குறைந்ததில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அண்ணன் 12 கிலோ குறைந்ததற்குக் காரணம் ஐந்தாண்டுகள் விடாமல் ஓடியதும் அளவாகச் சாப்பிட்டதும்தான் என்று நான் நம்புகிறேன். அவருக்கு வெறும் வயிறு ஒத்துக்கொள்கிறது, அதை மாற்றத் தேவையில்லை. தம்பிக்கோ எடை குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. 400 மீட்டரை ஐந்தாறு முறை வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடும் 75 நிமிடப் பயிற்சியில் கடைசிச் சுற்று வரை வேகம் தளராமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பயிற்சிக்கு மாவுச்சத்துதான் எரிபொருள்.

சரி, இட்லி சாப்பிட்ட அன்று ஏன் விலாப் பிடித்தது? இட்லி கெட்ட உணவு என்பதால் அல்ல, நேரம் போதவில்லை. ஓடத் தொடங்கியதும் இரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் வயிற்றில் செரிமானம் மட்டுப்படுகிறது. பருப்பும் எண்ணெய்யும் நாரும் உள்ள சாம்பார் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். வயிறு நிறைய உணவு இருக்கும்போது ஓடினால் விலாக் குத்து வருவதும் வழக்கம். அதே மூன்று இட்லியை இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்காக 3.30 மணிக்கு எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஏற்கெனவே ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து இட்லிக்குக் கொடுப்பது நட்டக் கணக்கு.

குளுக்கோஸ் மாவு விஷயம் வேறு. வெறும் சர்க்கரையை ஓடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு குடித்தால், இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அதைத் தொடர்ந்து இன்சுலினும் ஏறுகிறது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஓடத் தொடங்கினால் தசைகளும் தம் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுகிறது. எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பெரும்பாலோருக்குச் சிறிது நேரத்தில் தானே சரியாகியும் விடும். நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர் போலத் தெரிகிறது. குளுக்கோஸ்தான் வேண்டும் என்றால் பயிற்சி தொடங்குவதற்குச் சற்று முன்போ பயிற்சியின் நடுவிலோ சிறிது சிறிதாகக் குடிக்கலாம். பழமாகச் சாப்பிடுவது அதைவிடச் சௌகரியம்.

ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட கடும் பயிற்சிக்கு முன், 1 முதல் 4 மணி நேர இடைவெளியில், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது விளையாட்டு ஊட்டவியலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் உங்கள் எடைக்கு 64 கிராம் வருகிறது. பழக்கமில்லாத வயிற்றுக்கு அதுவும் அதிகம். 20 முதல் 30 கிராமில் தொடங்குங்கள். உரித்த வாழைப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு நடுத்தரப் பழமோ இரண்டு சிறிய சிறுமலைப் பழமோ கணக்குக்குச் சரியாக வரும். முதல் வாரம் பாதிப் பழம், அடுத்த வாரம் முழுப் பழம், அது ஒத்துக்கொண்டால் கூட இரண்டு பேரீச்சம்பழம் என்று ஏற்றிக்கொண்டு போங்கள். கால்களைப் பழக்குவது போலவே குடலையும் படிப்படியாகப் பழக்க முடியும். உடலைச் சூடேற்றும் ஓட்டமும் கை கால் நீட்டும் பயிற்சியும் மட்டுமே உள்ள இலேசான நாட்களில் பழம்கூட வேண்டாம், தண்ணீர் போதும்.

தண்ணீர் எழுந்தவுடன் 300 முதல் 400 மில்லி வரை குடியுங்கள். மதுரையில் சித்திரை வைகாசியில் விடிகாலைக் காற்றே வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மாதங்களில் நீராகாரத்தைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதை நீச்சத்தண்ணி என்போம். என் ஆச்சி இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பார். விடிந்ததும் கல் உப்பை இரண்டு விரலால் கிள்ளிப் போட்டு, சோற்றைக் கையாலேயே ஒரு பிசை பிசைந்து, வெளுத்த நீரை மட்டும் செம்பில் வடித்துத் தாத்தாவுக்குக் கொடுப்பார். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவர் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார். அந்தத் தண்ணீரில் பெரிய அளவில் மாவுச்சத்து இருக்காது. நீரும் உப்பும்தான் முக்கியம். கொஞ்சம் சோற்றையும் கரைத்துக் குடித்தால் மாவுச்சத்தும் சேரும். ஆனால் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் ஓட்டத்துக்கு முன் வேண்டாம், அவற்றை ஓடிவிட்டு வந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடுங்காப்பியை விட வேண்டாம். ஆனால் அதை எழுந்தவுடன் குடித்துவிடுங்கள். காப்பியில் உள்ள காஃபீன் என்ற ஊக்கப்பொருள் இரத்தத்தில் உச்சம் தொட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பலருக்கு அது மலம் கழிக்கும் உணர்வையும் தூண்டும் என்பதால் வீட்டிலேயே அந்த வேலையும் முடிந்துவிடும்.

பச்சை முட்டையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் உடலில் சேர்கிறது. பச்சையாகக் குடித்தால் ஏறத்தாழ 50 சதவீதம்தான் சேர்கிறது. அதோடு சால்மோனெல்லா கிருமியால் வாந்தியும் பேதியும் வரும் ஆபத்து வேறு. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு பேதி வந்தால் ஓர் ஆண்டு உழைப்பு போய்விடும். இரண்டு முட்டையை வேக வைத்து, பயிற்சி முடிந்து வந்து காலை உணவோடு சாப்பிடுங்கள்.

உசிலம்பட்டிப் பெண் எழுதியது:

நானும் இதே தேர்வுக்குத்தான் தயாராகிறேன். பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடியில் முடிக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். எனக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு 200 மீட்டரிலேயே மூச்சு முட்டியது. நானும் முதலில் சாப்பாட்டு நேரத்தைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பழம் தின்றேன், சத்துமாவுக் கஞ்சி குடித்தேன், அம்மா வைத்த உளுந்தங்கஞ்சியைக் குடித்தேன். எதுவும் கேட்கவில்லை. மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசியில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் கொடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். காலை எழுந்ததும் தேநீர் குடித்துவிட்டு அதோடு மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தேன். தேநீரும் காப்பியும் இரும்பை உடலில் சேரவிடாது என்று செவிலியர் அக்கா சொன்ன பிறகு, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடும் தேநீரை ஒன்றரை மணி நேரம் தள்ளியும் வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் 11.8 வந்தது. இப்போது 400 மீட்டரை 1 நிமிடம் 52 நொடியில் ஓடுகிறேன்.

அண்ணா, நீங்கள் ஆண் என்பதால் வாய்ப்புக் குறைவுதான். இருந்தாலும் சோர்வு தொடர்ந்தால் ஒரு முறை இரத்தம் பார்த்துவிடுங்கள். இங்கே படிக்கும் தங்கைகள் யாராவது இருந்தால், வாழைப்பழத்துக்கு முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. நான் நாட்களை வீணாக்கியது போல மற்றவர்களும் வீணாக்க வேண்டாம்.

வண்டியூர்க் கண்மாய் நடையர் எழுதியது:

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான், வயது 66. இளையவர்களின் உரையாடலில் குறுக்கிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டு என்னைப் போன்ற சர்க்கரை நோயாளி எவரும் வெறும் வயிற்றோடு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுபவன் நான். காலை உணவோடு போட வேண்டிய அதை, மறந்துவிடப் போகிறோம் என்ற எண்ணத்தில் 5 மணிக்கே போட்டுக்கொண்டு, கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு 8 மணிக்குச் சாப்பிடுவேன். ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோதே சட்டை முழுவதும் நனைந்தது, விரல்கள் நடுங்கின, எதிரில் வந்த பழைய மாணவன் பெயர் சொல்லிப் பேசியும் யாரென்று பிடிபடவில்லை. அவன்தான் என்னை உட்கார வைத்துத் தேநீர்க் கடையில் சர்க்கரைத் தண்ணீர் வாங்கிக் குடிக்க வைத்து, வீட்டுக்கும் அழைத்துவந்தான். வந்து பார்க்கும்போதே அளவு 74 தான். குடிப்பதற்கு முன்பு என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணினால் இப்போதும் மனம் பதறுகிறது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்பார்கள்.

மாத்திரையைக் காலை உணவோடுதான் போட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது கிளம்பும் முன் விரலில் குத்திப் பார்க்கிறேன். 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டும் அரை டம்ளர் பாலும் எடுத்துக்கொண்ட பிறகே வாசலைத் தாண்டுகிறேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இன்சுலின் போடுபவர்களும் என் போன்ற மாத்திரைக்காரர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் நடைப்பயிற்சி நேரத்தையோ சாப்பாட்டு நேரத்தையோ மாற்றக் கூடாது.

செல்லூர்க்காரன் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறார்கள் என்று ஓட்டத்துக்கு முன் குடித்துவிடாதீர்கள். பருத்திக்கொட்டைப் பால், அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சுக்கு எல்லாம் சேர்ந்து கூழ் பதத்தில் இருக்கும். உடம்புக்கு மிக நல்லது. ஆனால் நான் 5.15 மணிக்கு ஒரு குவளை குடித்துவிட்டு இரண்டாவது சுற்றில் ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஓடி முடித்த பிறகு அதே வண்டியில் நின்று குடித்தால் அமிர்தமாக இருக்கிறது.

யானைமலை அடிவாரம் எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடை முதலாளியிடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். தேர்வு என்றதும் இரவு 7 மணிக்குக் கால் மணி நேரமே கொடுத்துவிட்டார். அம்மா மதியமே டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கிறார். முதல் நான்கு நாளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஐந்தாவது நாள் 400 மீட்டர் ஆறு முறை ஓடியதில் கடைசி முறையும் முதல் முறையும் இரண்டு நொடி வித்தியாசத்தில் முடிந்தன. முன்பெல்லாம் பத்துப் பன்னிரண்டு நொடி தள்ளிப்போகும். காலையில் 4.35-க்குக் காப்பி, 4.50-க்கு ஒரு சிறுமலைப் பழம், ஒரு செம்பு நீராகாரம். இரண்டாவது பழத்தை முயன்றேன், ஏப்பம் வந்தது, ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஓடி முடித்ததும் நடக்கிறேன், அதன் பிறகு ஒரு நாளும் கண் இருட்டவில்லை. நேற்று 6 நிமிடம் 31 நொடி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தேர்வு நாளன்று காலை 6 மணிக்கே வரச் சொல்வார்கள், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு, உயரம், மார்பளவு எல்லாம் முடிந்து ஓட விடுவதற்கு 9 மணியும் ஆகலாம், 11 மணியும் ஆகலாம் என்று போன முறை போனவர்கள் சொல்கிறார்கள். அன்று எதை எப்போது சாப்பிடுவது?

பழைய ஓட்டக்காரன் எழுதியது:

தம்பி, 6.31 என்று படித்ததும் மனம் நிறைந்தது.

அன்று உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதால் இட்லிக்கு இடம் உண்டு. 4.45 மணிக்கு மூன்று இட்லியைக் கொஞ்சம் சட்னி தொட்டோ சர்க்கரை தொட்டோ சாப்பிட்டுவிடுங்கள், சாம்பார் வேண்டாம். 8 மணிக்கு ஓட விட்டாலும் மூன்று மணி நேரம் கடந்திருக்கும். பையில் நான்கு சிறுமலைப் பழம், ஒரு கைப்பிடி பேரீச்சை, ஒரு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கடலைமிட்டாய் வேண்டாம்; நிலக்கடலையின் எண்ணெய் இறங்க நேரமாகும். ஓட்டத்துக்குக் கூப்பிடும் அறிகுறி தெரியாத வரை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பழம், அவ்வப்போது இரண்டு வாய் தண்ணீர் என்று போய்க்கொண்டிருங்கள். உங்களுக்கு முந்தைய அணி வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டால் அதன் பிறகு எதையும் மெல்லாதீர்கள், வாயை மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு அன்போடு எதை நீட்டினாலும், பயிற்சியில் உங்கள் வயிறு கண்டிராத எதையும் அன்று வாங்கிக்கொள்ளாதீர்கள். நிழல் எங்கே இருக்கிறது என்று போனவுடன் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வரிசையில் இல்லாத நேரமெல்லாம் அங்கேயே உட்காருங்கள்.

இதையெல்லாம் அன்றைக்கு முதல்முறையாகச் செய்யக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடை வேலை மாலையில்தானே? காலை 6 மணிக்கே பையோடு ரேஸ்கோர்ஸுக்கு வந்து உட்காருங்கள். 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் எப்போது ஓட வேண்டும் என்பதை உங்களிடம் முன்கூட்டிச் சொல்ல மாட்டேன். நானே ஸ்டாப்வாட்சோடு வருகிறேன். உசிலம்பட்டித் தங்கையும் வர முடிந்தால் வரட்டும், 400 மீட்டருக்கும் சேர்த்தே நேரம் குறித்துவிடலாம்.